முன்னாடி போட்டாச்சா?

எங்கள் கடை வரிசையில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். 'எதுக்கும்' என்றால்தான் திரும்புவார். காருக்கு ஸ்டீரியோ, ஸ்பீக்கர், 'தும் தும்' என்று அதிரவைக்கிற ஊஃபர் மாட்டுகிற கடை அவருடையது. அதை ஒட்டி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, சீட் கவர் தைக்கிற கடை என்னுடையது. அவர் அங்கே பாட்டுப் போட்டுச் சோதித்தால் இங்கே என் மிஷினில் ஊசி தானாக ஆடும். அதற்காக நான் சண்டை போடாத நாளில்லை. ஆனாலும் அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. இந்த வரிசையில் காலையில் முகம் பார்க்கத் தோன்றுகிற ஒரே மனிதர் அவர்தான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கொஞ்ச நேரம் கடையில் உட்கார்ந்தால் தானாகத் தெரிந்துவிடும். "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துக்கலாம்." "எதுக்கும் இந்த முனையில டேப் சுத்திடறேன்." "எதுக்கும் நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, சூடு ஏறுதான்னு தொட்டுப் பாத்துடறேன்." மற்றவர்களுக்கு வயர் வயராகத் தெரியும். அவருக்கு அதன் நுனியில் எப்போதும் நெருப்பு தெரியும். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "பூட்டு அங்கேயேதான் இருக்குண்ணே, ஓடிப் போகல" என்று நான் கத்துவேன். "தெரியும்மா, எதுக்கும்..." என்பார். மகள் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கப் பெண்ணின் அப்பாவைத் தேடினால், மனிதர் மேடைக்குப் பின்னால் குனிந்து அலங்கார விளக்கின் வயரைத் தடவிக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் அதையும் எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் இன்றுவரை அதைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள்.

பயந்த சுபாவம் என்பதால் வேலையில் சோடை என்று நினைத்துவிடக் கூடாது. ஊஃபர் மாட்டுவதில் அவர் கை சுத்தம். வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்கிற பாடத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். சாதாரண ஸ்பீக்கர் ஸ்டீரியோ கொடுப்பதை வைத்து ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும். பவர் ஊஃபர் அப்படியில்லை. ஆம்ப்ளிஃபயரை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிற பெட்டி அது. அதன் பசிக்கு ஸ்டீரியோவின் ஒல்லி வயர் போதாது. நேராக பேட்டரியிலிருந்தே தடிமனாக ஒரு சிவப்பு வயரை இழுத்து, இன்ஜினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டைத் தாண்டி, கார்பெட்டுக்கு அடியில் ஓட்டி, பெட்டிவரை கொண்டுவர வேண்டும். அந்த வயர் வண்டியின் இரும்பில் எங்காவது தோலுரிந்து தொட்டுவிட்டால் பேட்டரியிலிருக்கிற மொத்தச் சக்தியும் அந்த இடத்தில் கொட்டும். வயர் அடுப்புக்கம்பி மாதிரிப் பழுக்கும். அதனால்தான் பேட்டரியை விட்டு வயர் புறப்படுகிற இடத்திலேயே, முன்னாடியே, பியூஸ் இருக்க வேண்டும். வயர் எங்கே தொட்டாலும் பியூஸ் முதலில் எரிந்து, தன் உயிரை விட்டு வண்டியைக் காப்பாற்றிவிடும். "பியூஸ் பெட்டிக்கு இல்லீங்க, வயருக்கு" என்று அவர் சொல்லும்போது, கேட்கிற ஆட்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சொன்னதோடு விடமாட்டார். வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் ஹோல்டரைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். மூடுவார். மறுபடி திறந்து ஆட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சாவி.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு வண்டிக்கு பானெட்டைத் திறந்து பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். அது அவருடைய சொந்த மாப்பிள்ளையின் வண்டி.

மகளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு வந்து சில நாள் தங்கியிருந்தார்கள். குழந்தைக்கு ஒரு விநோதப் பழக்கம். வண்டியில் 'தும் தும்' என்று பாட்டு அடித்தால்தான் தூங்கும். தாலாட்டு என்றால் வீறிட்டு அழும். பழைய ஸ்டீரியோவில் அந்த 'தும்' சரியாக வரவில்லை. "மாமா, கடையை வெச்சிக்கிட்டு பேரனுக்கு ஒரு ஊஃபர் மாட்டக் கூடாதா?" என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். எதுக்கும் பூரித்துப்போனார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் தட்டையாக உட்காருகிற, கடையில் இருந்ததிலேயே நல்ல பெட்டியாக எடுத்து வைத்தார்.

அவர் மனைவி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாராம். அதை என்னிடமும் வந்து சொன்னார். "இவர்கிட்ட சொல்லிட்டேன். மாப்பிள்ளை முன்னாடி மானத்தை வாங்காதீங்க. ஒரு தடவை பாருங்க, சாவியைக் குடுங்க, அவ்வளவுதான். அந்த வீட்டுல ஏற்கெனவே நம்ம பொண்ணை 'பயந்தாங்கொள்ளி பொண்ணு'ன்னு கிண்டல் பண்றாங்க." எதுக்கும் பக்கத்தில் நின்று தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கடையில் அவருக்கு உதவி மனைவியின் தம்பி. மச்சினன் நல்ல கைவேலைக்காரன், ஆனால் கால் தரையில் நிற்காது. வாய் அதைவிட வேகம். கைபேசி ரிப்பேர் கடையில் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். அன்று இரண்டு பேருமாக வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இன்ஜின் பக்கம் பேட்டரியிலிருந்து வயரை இழுத்து உள்ளே விட்டு, சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டிவரை கொண்டுபோவது மச்சினன். உள்ளே ஸ்டீரியோவைக் கழற்றிப் பாட்டு வயரைச் சேர்ப்பதும், எர்த் வயருக்குப் பெயிண்டைச் சுரண்டி இரும்பில் போல்ட் போடுவதும் எதுக்கும்.

நான் என் வாசலில் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் டாஷ்போர்டுக்கு அடியில் தலையும், சீட்டில் முதுகும், வெளியே காலுமாகக் கிடந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"டேய், பியூஸ் முன்னாடி போட்டாச்சா?"

"அதெல்லாம் முன்னாடியே போட்டாச்சு மாமா!" என்றான் மச்சினன்.

எனக்கும் காதில் விழுந்தது. எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

பாட்டு வந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. குழந்தை கண்ணைச் செருகிக்கொண்டு அம்மா தோளில் சாய்ந்தது. மாப்பிள்ளை கை தட்டினார். மச்சினன் பானெட்டை 'டமார்' என்று மூடினான். எதுக்கும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில் பானெட்டின் விளிம்பில் கை வைத்தார்.

"என்ன மாமா, இன்னொரு தடவையா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. தமாஷாகத்தான். மகள் சட்டென்று தரையைப் பார்த்தாள்.

எதுக்கும் கையை எடுத்துக்கொண்டார். "இல்ல மாப்பிள்ளை, தூசி..." என்று சொல்லி, சுத்தமாக இருந்த பானெட்டைத் துணியால் துடைத்தார்.

அவர்கள் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் வந்து இறங்கும் சம்பந்தியம்மாவை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. மகளும் குழந்தையும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். எதுக்கும் இரண்டு பக்கப் பின் கதவையும் திறந்து, குழந்தை கை வைத்தாலும் திறக்காதபடி கதவிலிருக்கிற சின்ன நெம்புகோலைத் தள்ளிப் பூட்டினார். அப்படிப் பூட்டினால் வெளியே இருந்துதான் திறக்க முடியும். அதை யாரும் கிண்டல் செய்யவில்லை. குழந்தையின் பாதத்தை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வண்டி 'தும் தும்' என்று அதிர்ந்துகொண்டே போனது.

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நானும் "பரவால்லண்ணே, இன்னிக்கு ஒரே தடவைல அனுப்பிட்டீங்க" என்று சீண்டினேன். மனிதர் வெட்கப்பட்டார்.

பிறகு தரையில் கிடந்த வயர் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மச்சினன் ஸ்டூலில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ஒரு ஐடியா பண்ணேன், பாத்தீங்களா? பியூஸைப் பெட்டிகிட்டயே வெச்சிட்டேன். போச்சுன்னா மாப்பிள்ளை உக்காந்த இடத்துலயே மாத்திக்கலாம். பானெட்டைத் திறக்கவே வேணாம்."

துடைப்பம் நின்றது. "எங்க வெச்ச?"

"சீட்டுக்கு அடியில."

"முன்னாடின்னு சொன்னியேடா."

"ஆமா. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

ஒரே வார்த்தை. கேட்டவர் இடத்தைக் கேட்டார். சொன்னவன் நேரத்தைச் சொன்னான். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள், இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள். பேட்டரியிலிருந்து சீட் வரைக்கும் அந்தத் தடி வயர் நடுவில் பியூஸே இல்லாமல், கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எதுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தரியோடு எழுந்து ஓடினேன்.

"பதறாதீங்கண்ணே. வயர் புதுசுதானே? தோல் உரியாம இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவர் என்னைப் பார்க்காமல் மச்சினனைப் பார்த்துக் கேட்டார். "எந்தப் பக்கமா விட்ட? சீட்டுக்கு அடியில வயர் எதைத் தாண்டி வருது?"

"அந்த... சீட் முன்ன பின்ன ஓடுமே, அந்த ரெயிலுக்குக் கீழ. இடம் இருந்துச்சு மாமா."

இப்போது எனக்கும் புரிந்தது. அந்த வண்டி சீட்டுக்குக் கவர் தைத்தவள் நான். அந்த ரெயிலின் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. சீட் ஒரே இடத்தில் இருந்தால் வயருக்கு ஒன்றும் ஆகாது. சீட்டை யாராவது தள்ளினால் அரிவாள்மணைதான்.

"முன் சீட் காலியாத்தானே இருக்கு," என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"சம்பந்தியம்மா ஏறுவாங்கம்மா," என்றார் எதுக்கும். "அவங்களுக்கு முட்டி வலி. காலை நீட்டாம உக்கார மாட்டாங்க. ஏறின உடனே சீட்டைப் பின்னால தள்ளச் சொல்லுவாங்க."

மகளுக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை விழிக்காமல் இருக்க அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டிருப்பாள் என்பது அவருக்கே தெரியும். மாப்பிள்ளைக்குப் போட்டார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? காதே கேட்காத அளவுக்கு நாம்தானே மாட்டிக் கொடுத்திருக்கிறோம்.

என்னிடம் ரெக்சின் சுருள் ஏற்றுகிற பழைய வேன் ஒன்று உண்டு. அவரை ஓட்டவிட்டால் சாவித் துவாரத்தையே கண்டுபிடித்திருக்க மாட்டார். நான் ஓட்டினேன். மச்சினனைக் கடையிலேயே நிறுத்தி, விடாமல் போன் போடச் சொன்னோம். அவன் முகம் வெளுத்துப்போய், "அக்காகிட்ட சொல்லவா?" என்று கேட்டான். "சொன்ன, கொன்னுடுவேன்" என்றது நான்தான்.

ஸ்டேஷன் சாலை எப்போதும் போல நெரிசல். ஒவ்வொரு சிக்னலும் நம்மைப் பார்த்ததும் சிவப்பாவது போலிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னாலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வியர்வை மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை.

"கார்பெட் முதல்ல எரியாதும்மா," என்றார் திடீரென்று. "உள்ளுக்குள்ளயே புகையும். புகைதான் முதல்ல வரும்."

"அண்ணே, வாயை மூடுங்க."

"ஏசி போட்டிருப்பாங்க. கண்ணாடி ஏத்தியிருக்கும்."

"அண்ணே!"

"பின் கதவு உள்ள இருந்து திறக்காது," என்றார். "நான்தான் பூட்டினேன். நீ பாத்தியே. நான்தான்..."

உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. நான் பயந்து பழக்கப்பட்டவள் இல்லை. சண்டை போடுவேன், அழுவேன், பயந்ததில்லை. அன்று வேனின் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டேன், ஏன் என்று எனக்கே தெரியாது.

ஸ்டேஷன் வாசலில் அவர்கள் இல்லை. ரயில் வந்துபோய்விட்டிருந்தது. நடைமேடையில் சுமை தூக்குகிறவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா ஏறியாகிவிட்டது.

"அவங்களுக்குப் போன் போடுங்கண்ணே," என்றேன் வேனை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டே.

அவர் தயங்கினார். இந்த நிலைமையிலும் தயங்கினார். சம்பந்தியம்மாவோடு நேராகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. எல்லாம் மனைவி மூலமாகத்தான். கல்யாணப் பேச்சிலிருந்து அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு போட்டார், ஸ்பீக்கரில். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

போனிலிருந்து முதலில் வந்தது 'தும் தும் தும்'.

"ஆங், சொல்லுங்க சம்பந்தி! பெட்டி பிரமாதமா இருக்கு!"

"சம்பந்தியம்மா, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!"

"என்னது? கேக்கல! பாட்டு ஓடுது!"

"வண்டியை... நிறுத்துங்க! பாட்டை நிறுத்துங்க!"

"ஆமா ஆமா, பாட்டு நல்லாருக்கு! புள்ள அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான்!"

எதுக்கும் கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோய்க் கத்தினார். "சீட்டு! சீட்டைத் தள்ளாதீங்க! சீட்டைத் தள்ளினீங்களா?"

"சீட்டா? நல்லா தாராளமா இருக்கு! முதல்ல வரமாட்டேன்னுச்சு, அடியில என்னமோ இடிச்சுது. உங்க மாப்பிள்ளை ஒரு அழுத்து அழுத்தித் தள்ளினான், வந்துடுச்சு! சரி, வீட்டுக்குப் போய்ப் பேசறேன், ஒண்ணுமே கேக்கல!"

வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டோம். எடுக்கவில்லை. பேசி முடித்துவிட்டோம் என்று பைக்குள் போட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் எங்கே கொஞ்சம் கருப்பாகத் தெரிந்தாலும் அவர் உடம்பு முன்னால் போகும். ஒரு லாரியின் புகை. ஒரு வயலில் யாரோ குப்பை எரித்த புகை. ஒவ்வொன்றுக்கும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாழ்நாள் முழுக்க இந்த மனிதர் கற்பனையில் பார்த்துப் பார்த்துப் பயந்த நெருப்பு இதுதானா என்று நினைத்தேன். நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். வேனின் அதிகபட்ச வேகம் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது ஒன்றும் பெரிய வேகம் இல்லை.

டோல் கேட்டில் வரிசை நின்றுகொண்டிருந்தது. வண்டிகள் மூக்கும் வாலும் முட்ட நின்றன. நான் தலையை நீட்டி ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அதோ!" என்றேன். நான் தைத்த கவர், பின் கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

வேன் நிற்பதற்குள் அவர் குதித்துவிட்டார். விழுந்தார். எழுந்து ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கையில் வேனில் கிடந்த ஸ்பேனர், ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. நான் வேனை அப்படியே ஓரத்தில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

கண்ணாடியைத் தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பின் கதவைப் படாரென்று வெளியே இருந்து திறந்து, தூங்குகிற குழந்தையை அள்ளி என் கையில் திணித்தார். "இறங்கும்மா," என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கேள்வியே கேட்காமல் இறங்கினாள்.

"மாமா? என்ன மாமா?" என்று மாப்பிள்ளை பாட்டைக் குறைத்தார்.

"வண்டியை ஆஃப் பண்ணுங்க. அம்மாவை இறக்குங்க. பானெட்டைத் திறங்க." அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. சொன்னதைச் செய்தார்.

எதுக்கும் பேட்டரி நட்டைக் கழற்றி, கருப்பு வயரைத் தூக்கித் தனியாக வளைத்து வைத்து, வண்டிக்குள் மின்சாரமே போகாமல் செய்தார். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. ஒரு ஆள் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினான். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே அவனுக்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டு நின்றதும் குழந்தை விழித்து வீறிட்டது. அந்த அழுகை எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எல்லோருமாக வண்டியை ஓரம் தள்ளினோம். சம்பந்தியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே ஆகல, எதுக்கு இப்படி நடுரோட்டுல அமர்க்களம்? இது அவருக்கு வழக்கந்தானே?" என்று மகனிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் முகமும் சுருங்கித்தான் இருந்தது.

சீட்டின் போல்ட்டுகளை நான் கழற்றினேன். அது என் வேலை. சீட்டைத் தூக்கிச் சாய்த்ததும் எதுக்கும் மண்டியிட்டு உள்ளே குனிந்தார்.

"பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

ரெயிலின் விளிம்பு சிவப்பு வயரின் தோலைச் சீவியிருந்தது. உள்ளே செம்பு இழைகள் பளபளத்தன. அதில் ஒரே ஒரு இழை வெளியே நீண்டு, இரும்பைத் தொட்டு, தானே எரிந்து அறுந்துபோயிருந்தது. அது தொட்ட இடத்தில் இரும்பில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே கார்பெட்டில் விரல் நுழைகிற அளவுக்குக் கருகிய ஓட்டை. மீதி இழைகள் எல்லாம் இரும்புக்கு மிக அருகில், தொடாமல் நின்றன. அடுத்த மேடு பள்ளம் போதும். யாராவது சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும்.

மாப்பிள்ளை பார்த்தார். சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, என்னிடமிருந்து குழந்தையை வாங்கி இறுக்கிக்கொண்டார்.

"பியூஸ் இருக்க வேண்டிய இடத்துல இல்ல, மாப்பிள்ளை," என்றார் எதுக்கும். "என் கடையில நடந்த தப்பு. நான் பானெட்டைத் திறந்து பாத்திருக்கணும். பாக்கல."

ஏன் பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் அந்தக் கருகிய ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள்.

"ஸ்டேஷனைத் தாண்டினதுமே வாசனை வந்துச்சுப்பா. ஏதோ பொசுங்கற மாதிரி."

எதுக்கும் நிமிர்ந்தார். "ஏம்மா சொல்லல?"

அவள் கணவனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள்.

"சொன்னா சிரிப்பாங்கப்பா. ஆரம்பிச்சிட்டியா, உங்க அப்பா மாதிரியேன்னு. அதான் பேசாம இருந்துட்டேன். பாப்பா முகத்தை மட்டும் ஜன்னல் பக்கமா திருப்பி வெச்சேன்."

ஹாரன் சத்தம், வண்டிச் சத்தம் எல்லாம் இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதுக்கும் மண்டியிட்டிருந்த இடத்திலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்காலில் விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்து வேட்டியில் ஊறியிருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற மாதிரிப் பிடித்தார் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளையிடம் 'வாங்க', 'போங்க' என்பதைத் தவிர வேறு மாதிரி பேசியறியாதவர் எதுக்கும். மாப்பிள்ளை இல்லாத இடத்தில்கூட ஒருமையில் ஒரு சொல் வராது.

"பயமா இருந்தா கத்தணும்மா," என்றார். "எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும். நீ கத்து."

மாப்பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.